சைக்கிளின் பின்சக்கரக் குடம்: பழுது பார்க்கும் முறையும் மாற்றும் முறையும்

மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் கிராமத்தின் அன்றாட அலுவல்களில் சைக்கிளுக்குரிய இடம் அற்றுப் போய்விடவில்லை. அதிகாலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு சங்கத்திற்குச் செல்பவர், வரப்போரம் அறுத்த புல்லுக்கட்டைக் கேரியரில் ஏற்றி வருபவர், பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவி ஆகிய அனைவருக்கும் அதுவே கால். 1949-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கப்பட்ட காலம் முதல், நம் நாட்டிலேயே செய்யப்பட்ட வண்டிகள் சிற்றூர்கள் வரை பரவின. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினர். இன்று அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்கு அரசே விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது.

வண்டி கிடைப்பது ஒன்று. அது ஓடிக்கொண்டிருப்பது மற்றொன்று. ஊராட்சிகளைப் பார்வையிடச் செல்லும்போது, வீட்டுச் சுவரில் சாத்தப்பட்டுத் துருவேறி நிற்கும் சைக்கிள்களைக் காண்கிறோம். விசாரித்தால், "பின்சக்கரம் ஆடுகிறது, கடையில் சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள், அப்படியே விட்டுவிட்டோம்" என்ற மறுமொழி அடிக்கடி வரும். உண்மையில், பின்சக்கரம் ஆடும் வண்டிகளிற் பலவற்றுக்குச் சில எஃகுக் குண்டுகளும், இரண்டு கோன்களும், சிறிது கிரீஸும், ஒரு மணி நேர உழைப்புமே போதும். வேறு சிலவற்றுக்குக் குடத்தையே மாற்றத்தான் வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடத்தின் அமைப்பு

கட்டை வண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் வந்து சேரும் பகுதியைக் குடம் என்கிறோம். சைக்கிள் சக்கரத்திலும் கம்பிகள் வந்து சேரும் நடுப்பகுதி அதுவே. கடைக்காரர் அதனை ஹப் என்பார். கட்டை வண்டியில் குடம் நேரே அச்சின்மேல் உராய்ந்து சுழல்கிறது; அதனால்தான் வண்டி மை இடுகிறோம். சைக்கிளில் குடத்துக்கும் அச்சுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. உராய்வதைக் காட்டிலும் உருளுவது எளிது. ஆகவே சைக்கிள் இலகுவாக ஓடுகிறது.

குடத்தின் இரு முனைகளிலும் கப் எனப்படும் எஃகுக் கிண்ணங்கள் உள்ளன. அச்சின் இருபுறத்திலும் கூம்பு வடிவான கோன்கள் திருகப்பட்டுள்ளன. கிண்ணத்துக்கும் கோனுக்கும் இடையே குண்டுகள் அமைகின்றன. சாதாரணப் பின்சக்கரக் குடத்தில் பக்கத்துக்கு 9 குண்டுகள், ஆக 18 இருக்கும். ஒவ்வொன்றும் கால் அங்குலக் கனமுடையது. கோன் நகராதபடி அதன் வெளியே வாஷரும் பூட்டு நட்டும் இறுக்கப்பட்டிருக்கும். வலப்புறத்தில் குடத்தின்மேல் மரை வெட்டப்பட்டு, அதில் பிரீ வீல் எனப்படும் பற்சக்கரம் திருகப்பட்டிருக்கும்.

ஒரு நுட்பத்தை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். ஓடும்போது குடமும் கிண்ணமும் சுழல்கின்றன. அச்சும் கோனும் சுழல்வதில்லை. எனவே சுமையின் அழுத்தம் கிண்ணத்தின் வட்டம் முழுவதிலும் மாறி மாறி விழுகிறது. கோனிலோ எப்பொழுதும் ஒரே பக்கத்தில் விழுகிறது. ஆதலால் பெரும்பாலும் முதலில் கெடுவது கோன். கிண்ணம் பிறகே கெடும். கோனை உரிய காலத்தில் மாற்றுபவர் கிண்ணத்தைக் காப்பாற்றுகிறார். மாற்றாதவர் இரண்டையும் இழக்கிறார்.

தேய்வதற்குக் காரணங்கள்

28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய ஏழேகால் அடி செல்லும். பள்ளிக்கு 5 கிலோமீட்டர் சென்று திரும்பும் மாணவியின் சக்கரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,500 முறை சுழல்கிறது. இத்தனை சுழற்சியையும் தாங்குவது அப்பதினெட்டுக் குண்டுகளும் அவற்றைச் சூழ்ந்த சிறிதளவு கிரீஸுமே. அந்தக் கிரீஸ் வற்றினாலும், அதில் மணலும் நீரும் கலந்தாலும் தேய்வு தொடங்கிவிடும்.

நம் ஊர்களில் சைக்கிளை வாய்க்காலில் இறக்கிக் கழுவும் வழக்கம் உண்டு. குடம் முழுகும் அளவுக்கு நீரில் நிறுத்தினால், நீர் உள்ளே சென்று தங்கிக் குண்டுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். வண்டியைக் கரையில் நிறுத்தி ஈரத் துணியால் துடைப்பதே நன்று.

கோனைத் தவறாக முடுக்குவதும் தேய்வுக்குக் காரணமாகும். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் குண்டுகள் கிண்ணத்தைச் சம்மட்டிபோல் இடிக்கும். இறுகியிருந்தால் குண்டுகள் அரைபட்டுக் கோனில் குழி விழும். ஆட்டத்தைப் போக்கவேண்டும் என்று அளவுக்கு மீறி இறுக்குவது, நோயைவிடக் கொடிய மருந்தாக முடியும்.

அதிகச் சுமை மூன்றாவது காரணம். பின்சக்கரத்தில் பிரீ வீலுக்கு இடம் வேண்டியிருப்பதால், வலப்புறக் குண்டுகள் உட்பக்கம் தள்ளி அமைந்துள்ளன. அதனால் வலப்புறத்தில் அச்சின் நீண்ட பகுதி தாங்குதல் இன்றி நிற்கிறது. பால் கேன்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கினால் அச்சு வளைவதும் முறிவதும் பெரும்பாலும் அவ்விடத்திலேதான். முறிந்த அச்சின் இரு துண்டுகளும் வெளி நட்டுகளின் பிடியில் சில நாட்கள் நிற்கக்கூடும். ஓட்டுபவர் வெறும் ஆட்டம் என்று எண்ணிக்கொண்டிருப்பார். பேருந்துகள் விரையும் சாலையில் அது கைவிடும்போது விளையும் தீங்கைச் சொல்ல வேண்டுவதில்லை.

பழுதைக் கண்டறிதல்

வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பின்வரும் சோதனைகளைச் செய்க.

1. பின் கவையின் அருகே ரிம்மைப் பிடித்து வலமும் இடமுமாக அசைக்கவும். "டக் டக்" என்று ஆடினால் கோன் தளர்ந்துள்ளது, அல்லது தேய்ந்துள்ளது, அல்லது அச்சு பழுதுற்றுள்ளது என்று கொள்ளலாம்.

2. சக்கரத்தை மெல்லச் சுழற்றி, சட்டத்தின்மீது கையை வைத்துப் பார்க்கவும். நறநறவென்ற அதிர்வு தெரிந்தால் குண்டுகளோ கோனோ குழி விழுந்துள்ளன.

3. சக்கரம் சுழலும்போது ரிம் ஒருபுறம் சென்று மீண்டால், ஆயினும் கையால் அசைக்கும்போது ஆட்டம் இல்லையானால், குற்றம் குடத்தில் இல்லை. கம்பிகளின் இழுப்பில் உள்ளது. கோட்டம் எடுத்தால் போதும்.

4. பிரீ வீலை மட்டும் பிடித்து அசைக்கவும். அது சற்றே ஆடுவது இயல்பு. மிதிக்கும்போது பிடிப்பு நழுவினால் பிரீ வீலின் நாக்குகளோ பற்களோ கெட்டுள்ளன. இதுவும் குடத்தின் குற்றம் அன்று.

5. கோனைச் சரிசெய்த இரண்டொரு நாளில் மீண்டும் ஆட்டம் கண்டால், அச்சு முறிந்திருக்கிறதா என்று ஐயுற்று உடனே கழற்றிப் பார்க்க வேண்டும்.

இச்சோதனைகளுக்குச் செலவு எதுவும் இல்லை. ஆயினும் இவற்றைச் செய்யாமல் கடைக்குச் செல்பவர், மாற்ற வேண்டாத சாமானுக்கும் பணம் கொடுக்க நேரிடும்.

வேண்டிய சாமான்கள்

வெளி நட்டுகளுக்கு ஏற்ற ஸ்பானர், கோனைப் பிடிக்கும் தட்டையான கோன் ஸ்பானர், ஒரு கட்டிங் பிளேயர், மண்ணெண்ணெய் அல்லது டீசல் சிறிது, பழந்துணி, ஒரு தட்டு, பேரிங்குக்குரிய நல்ல கிரீஸ், கால் அங்குலக் குண்டுகள் 18. தேங்காய் எண்ணெயோ, இஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயோ கிரீஸுக்கு ஈடாகா. முன்னது நாளடைவில் பிசினாகும். பின்னதில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும்.

கழற்றும் முறை

முதலில் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு ஆகியவற்றின் தாங்குகம்பிகள் அச்சில் எந்த வரிசையில் மாட்டப்பட்டுள்ளன என்பதைக் கவனித்துக்கொள்க. செயின் மூடியின் பின்பகுதியைக் கழற்றவும். பிரேக் கட்டை வழியை மறித்தால் அதனைத் தளர்த்தவும். பின்னர் வெளி நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளினால் செயின் தளர்ந்து கழன்றுவிடும். சக்கரத்தை வெளியே எடுக்கலாம்.

இனி இடப்புறத்துக் கோனைக் கோன் ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, பூட்டு நட்டை இடமாகச் சுழற்றிக் கழற்றவும். வாஷரையும் கோனையும் எடுத்து, கழற்றிய வரிசைப்படியே துணிமீது வைக்கவும். தட்டின்மேல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அச்சை வலப்புறமாக உருவவும். குண்டுகள் சிதறாமல் தட்டில் விழும். அவற்றைப் பக்கம் பக்கமாக எண்ணிக் குறித்துக்கொள்க. வலப்புறக் கோனை மாற்ற வேண்டியிராவிடில் அதனை அசைக்க வேண்டாம். அச்சின் நீளம் இருபுறமும் சரியாக அமைவதற்கு அதுவே அடையாளம்.

துடைத்தலும் ஆராய்தலும்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில் ஆராயவும்.

கோனில் குண்டு ஓடிய தடம் பளபளப்பான கோடாகத் தெரிவது குற்றம் அன்று. அத்தடத்தில் ஊசி முனையால் கீறிப் பார்த்தால் தட்டுப்படும் குழிகளோ, செதில் பெயர்ந்த இடங்களோ இருந்தால் அந்தக் கோனை விலக்க வேண்டும். குழிவு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் என்பதால் முழு வட்டத்தையும் திருப்பிப் பார்ப்பது அவசியம்.

அச்சை ஒரு கண்ணாடிப் பலகைமீது உருட்டவும். துள்ளாமல் உருண்டால் நேராக உள்ளது. வளைந்த அச்சைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்துவது கூடாது; அது மறுபடியும் அவ்விடத்திலேயே முறியும். மரை தேய்ந்த அச்சையும் அவ்வாறே விலக்குக.

குண்டுகள் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். மங்கியவையோ புள்ளி விழுந்தவையோ ஒன்றிரண்டே ஆயினும், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுக. பழையதும் புதியதும் கலந்தால், அளவில் பருத்த புதியவையே சுமை முழுவதையும் தாங்கி விரைவில் கெடும்.

கடைசியாகக் கிண்ணம். இதுவே தீர்ப்புக் கூறும் இடம்.

எதை மாற்றுவது?

கிண்ணம் வழுவழுப்பாக இருந்தால் குடம் நல்லது. குண்டுகள், கோன்கள், தேவையாயின் அச்சு ஆகியவற்றை மட்டும் மாற்றினால் வண்டி பல ஆண்டுகள் உழைக்கும். புதுக் கோன் வாங்கும்போது பழைய கோனையும் அச்சையும் கடைக்கு எடுத்துச் செல்க. மரையும் வளைவும் ஒத்திருந்தாலன்றி வாங்க வேண்டாம்.

கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால், புதுக் கோனும் புதுக் குண்டும் அதனுள் நெடுநாள் நில்லா. கிண்ணத்தைத் தனியே தட்டி எடுத்து மாற்றக்கூடிய குடங்களும் உண்டு. அளவு பொருந்திய கிண்ணமும் அதில் பழகிய கையும் கிடைத்தால் அவ்வாறு செய்யலாம். இல்லையேல் குடத்தை மாற்றுவதே சிக்கனம்.

கம்பி நுழையும் துளை விரிசல் கண்டாலும், கிண்ணம் தன் இடத்தில் கையால் சுழலுமளவு தளர்ந்தாலும், பிரீ வீலுக்குரிய மரை அழிந்தாலும் குடத்தை மாற்றியே தீர வேண்டும். இவற்றில் தயக்கம் கூடாது.

பூட்டும் முறை

இரு கிண்ணங்களிலும் கிரீஸைத் தாராளமாக அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கவும். எடுத்த எண்ணிக்கை எதுவோ அதுவே வைக்க வேண்டும். இடம் இருக்கிறதே என்று கூடுதலாக ஒன்றைத் திணித்தால் அவை ஒன்றோடொன்று நெரிபடும். அச்சை வலப்புறமிருந்து மெல்லச் செலுத்தி, இடக் கோனை விரலால் முடுக்கவும். கோன் குண்டுகளைத் தொட்டபின் சிறிது பின்வாங்கி, வாஷரை இட்டு, கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்கவும்.

பூட்டு நட்டை இறுக்கும்போது கோன் சற்றே உள்ளே தள்ளப்படுவது இயல்பு. ஆகையால் இறுக்கிய பின்பு மறுபடி சோதிக்க வேண்டும். அச்சை விரல்களால் சுழற்றினால் தடையின்றிச் சுழலவேண்டும், அசைத்தால் ஆடக்கூடாது. இரண்டும் பொருந்தும் வரை இரண்டு மூன்று முறை தளர்த்தி முடுக்குவதில் சலிப்புக் கூடாது. வேலையின் சாரம் முழுவதும் இங்கேதான் உள்ளது.

செயினை மாட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை உண்டு. சக்கரத்தை வண்டியில் பொருத்தி, காற்று அடைக்கும் வால்வு பக்கவாட்டில் இருக்குமாறு நிறுத்திக் கையை விடுங்கள். வால்வின் சிறு கனத்தினாலேயே சக்கரம் தானாக இறங்கி, ஊசல்போல் ஆடி, வால்வு அடியில் வந்து நின்றால் கோன் சரியாக அமைந்தது. நின்ற இடத்திலேயே நின்றால் இறுக்கம் மிகுதி.

பின்பு செயினை மாட்டி, ரிம் இரு கவைகளுக்கும் நடுவில் நிற்கும்படி வைத்து, செயின் நடுவில் ஏறக்குறைய அரை அங்குலம் மேலும் கீழும் அசையுமாறு சக்கரத்தை இழுத்து, வெளி நட்டுகளை நன்கு இறுக்கவும். இணைப்புக் கண்ணியைக் கழற்றியிருந்தால், அதன் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். பிரீ வீலுக்குள் கிரீஸ் இட வேண்டாம், நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய எண்ணெய் சில துளிகள் போதும்.

குடத்தையே மாற்ற நேர்ந்தால்

கடைக்குச் செல்லுமுன் கம்பித் துளைகளை எண்ணுக. பழைய கனரக வண்டிகளின் பின்சக்கரத்தில் பெரும்பாலும் 40 துளைகள் இருக்கும். மற்ற வண்டிகளில் 36 இருப்பதுண்டு. துளைகளின் எண்ணிக்கையும், கம்பிகள் கோக்கும் வளையத்தின் அகலமும் ஒத்திருந்தால்தான் பழைய கம்பிகளின் நீளம் பொருந்தும். பூட்டு நட்டுகளுக்கு இடையேயான அகலத்தையும் அளந்துகொள்க.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று: கம்பிகளைக் கழற்றுவதற்கு முன்பே பிரீ வீலைக் கழற்றிவிட வேண்டும். பல மாதங்கள் மிதித்து இறுகிய பிரீ வீலைத் திருக, ரிம் என்னும் பெரிய வட்டமே நமக்கு நெம்புகோல். கம்பிகளை வெட்டியபின் வெறும் குடத்தைக் கையால் பிடித்து அதனைத் திருக இயலாது. நல்ல பிரீ வீலும் பாழாகும். பிரீ வீலின் பள்ளங்களில் அதற்குரிய கருவியைப் பொருத்தி, நழுவாதபடி அச்சு நட்டால் மெல்லப் பிடிக்கச் செய்து, கருவியைப் பட்டறையில் இறுக்கி, ரிம்மை இடமாகச் சுழற்றவும். தளர்ந்தவுடன் நட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கையால் கழற்றலாம். பழைய பிரீ வீலை மீண்டும் பூட்டும்போதும், புதியது பூட்டும்போதும் மரையில் சிறிது கிரீஸ் தடவுக. அடுத்த முறை கழற்றுபவர் நன்றி கூறுவார்.

புது பிரீ வீல் இடுவதானால் செயினையும் அளந்து பார்க்க வேண்டும். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயினும் தேய்ந்துவிட்டது. புதுப் பற்களை அது கெடுத்துவிடும்.

கம்பி கோத்துக் கோட்டம் எடுப்பது பழகிய தொழிலாளியின் வேலை. ஆயினும் அவர் செய்ததைப் பார்த்தறிய ஓர் உண்மையை அறிந்திருக்கலாம். பிரீ வீல் வலப்புறம் இருப்பதால், ரிம் கம்பி வளையங்களுக்கு நடுவில் நிற்காது. இரு பூட்டு நட்டுகளுக்கு நடுவில் நிற்கும். எனவே வலப்புறக் கம்பிகள் இடப்புறத்தைவிடச் சற்று இறுக்கமாக இருப்பது சரியே. பழைய கம்பிகளும் நிப்பிள்களும் துருவேறி, ரிம்மும் அரிக்கப்பட்டிருந்தால், குடம் மாற்றும் கூலியையும் சாமான் விலையையும் கூட்டிப் பாருங்கள். புதிய முழுச் சக்கரத்தின் விலையை அது நெருங்குமானால் சக்கரத்தை மாற்றுவதே உத்தமம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

ஓர் ஊரில் சைக்கிள் ஓடாமல் நின்றால், நிற்பது சைக்கிள் மட்டுமன்று. பாலை உரிய நேரத்தில் சேர்க்க இயலாமல் வருமானம் குறைகிறது. பேருந்து வசதி குன்றிய சிற்றூரில், தொலைவைக் காரணம் காட்டி முதலில் நிறுத்தப்படுவது பெண் குழந்தையின் படிப்பே. பதினெட்டுக் குண்டுகள் இல்லாமையால் ஒரு மாணவியின் படிப்பு நிற்குமானால், அதற்கு ஊரார் அனைவரும் பொறுப்பாவோம்.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றை எண்ணிப் பார்க்கலாம். பள்ளி திறக்கும் மாதத்தில், அருகிலுள்ள சைக்கிள் கடைக்காரரின் துணையுடன் ஒரு நாள் சைக்கிள் பராமரிப்பு முகாம் நடத்தலாம். மேலே கூறிய ஐந்து சோதனைகளையும் மாணவ மாணவியரே செய்யப் பழக்கலாம். கோன் ஸ்பானர், பிரீ வீல் கழற்றும் கருவி, காற்றடிக்கும் பம்பு, ஒரு டப்பா கிரீஸ் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைத்து, வேண்டுவோர்க்கு வழங்கலாம். ஆர்வமுள்ள மகளிர் சுய உதவிக் குழு இருந்தால் இதனைச் சிறு தொழிலாகவே மேற்கொள்ளலாம். பெரும் முதலீடு வேண்டாத தொழில் இது.

தனிப்பட்டவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்றே. மாதம் ஒருமுறை சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் அன்றே கோனை முடுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்ததும், குடத்தைப் பிரித்துக் கழுவிப் புதுக் கிரீஸ் இடுங்கள். சுமை ஏற்றுபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சை எடுத்து உருட்டிப் பாருங்கள். கட்டை வண்டிக்கு மை இடாமல் மாட்டைப் பூட்டாத விவேகம் நம் முன்னோர்களிடம் இருந்தது. அந்த விவேகத்தை இரும்புச் சக்கரத்திற்கும் காட்டுவோமானால், சுவரில் சாத்தப்பட்டு நிற்கும் வண்டிகள் மீண்டும் சாலைக்கு வரும்.